15 ரூபிள் ஸ்மெனா: பொம்மை என்று சொல்பவர்களுக்கு

கேள்வி, 3 பிப்ரவரி 2024

ஃபிலிமில் படம் எடுத்துப் பழக ஆசை. தெரிந்தவர் ஒருவரிடம் ஸ்மெனா 8எம் என்ற பழைய சோவியத் ஃபிலிம் கேமரா இருக்கிறது, குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். பிளாஸ்டிக் உடம்பு, வெளிச்சம் அளக்கும் மீட்டர் கிடையாது, ஃபோகஸ் ஆகிவிட்டதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. "அது பொம்மை கேமரா, படம் மங்கலாகத்தான் வரும், அந்த மங்கலுக்காகத்தான் வாங்குகிறார்கள்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இதை வாங்கலாமா, இல்லை இன்னும் கொஞ்சம் பணம் போட்டு, லென்ஸ் வழியாகவே பார்க்கும் சோவியத் கேமராவான ஜெனித்-இ வாங்கிவிடலாமா?

3 பிப்ரவரி, இரவு

வாங்குங்கள். ஷட்டர் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், அதை எப்படிச் சோதிப்பது என்று தனியாக எழுதுகிறேன்.

பொம்மை என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு ஆகாது. ஸ்மெனா 8எம்மில் இருப்பது டி-43 என்ற 40 மி.மீ. லென்ஸ், முழுத் திறப்பு எஃப்/4 (எஃப் எண் கூடக்கூட ஒளி நுழையும் துளை சின்னதாகும்). உள்ளே மூன்று வில்லைகள், மூன்றும் அசல் கண்ணாடி, மேலே கோட்டிங்கும் உண்டு. டென்னிஸ் டெய்லர் என்ற ஆங்கிலேயர் 1893இல் கண்டுபிடித்த, டிரிப்லெட் என்ற மூன்று வில்லை அமைப்பின் வழிவந்த லென்ஸ் இது. அதே அமைப்பில் உலகம் முழுக்க எத்தனையோ நல்ல கேமராக்கள் வந்திருக்கின்றன. பொம்மை கேமரா என்றால் ஹோல்கா மாதிரி ஒற்றைப் பிளாஸ்டிக் வில்லையும் ஏறக்குறைய ஒரே ஷட்டர் வேகமுமாக இருக்கும். ஸ்மெனாவில் 1/15 முதல் 1/250 வரை ஐந்து வேகங்கள், கூடவே பி, அதாவது அழுத்திப் பிடிக்கும் வரை ஷட்டர் திறந்திருப்பது. எஃப்/4 முதல் எஃப்/16 வரை ஐந்து திறப்புகள். பேட்டரியே வேண்டாம்.

முழுத் திறப்பில் மூலைகள் இருட்டடிக்கும், கூர்மையும் ஓரங்களில் குறையும், மறுக்கவில்லை. சூரியனுக்கு எதிரே பிடித்தால் படம் வெளுத்துப் போகும், லென்ஸுக்கு மேலே உள்ளங்கையை நிழலாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் எஃப்/8இல் வைத்து, தூரத்தைச் சரியாகப் போட்டு, கை ஆடாமல் எடுத்த நெகட்டிவை லூப் என்ற உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள், பிறகு பேசலாம்.

4 பிப்ரவரி

"அவ்வளவு நல்ல கேமரா என்றால் ஏன் அவ்வளவு மலிவு?" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

1970இல் லெனின்கிராடில் லோமோ ஆலையில் தொடங்கி 90களின் நடுப்பகுதி வரை 2 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். விலை 15 ரூபிள். 1980 வாக்கில் சோவியத் நாட்டில் சராசரி மாதச் சம்பளம் 170 ரூபிளை ஒட்டி இருந்தது, கல்லூரி மாணவருக்கு அரசு தந்த உதவித்தொகை பொதுவாக 40 ரூபிள். ஹீலியோஸ் லென்ஸோடு ஜெனித்-இ 100 ரூபிள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக அப்பா அம்மா யோசிக்காமல் வாங்கித் தரக்கூடிய விலை ஸ்மெனாவுக்குத்தான் இருந்தது.

நான் 1984இல் பொறியியல் படிக்க உக்ரைனில் இருக்கும் கார்கோவ் போனவன், இன்றைக்குக் கார்கிவ் என்று எழுதுகிறார்கள். போன முதல் குளிர்காலத்திலேயே அங்கே ஒரு பெரிய கடையில் ஸ்மெனா வாங்கினேன். பொருளோடு 'பாஸ்போர்ட்' என்று ஒரு சின்னப் புத்தகம் தருவார்கள், விற்ற தேதியை அதில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். கடைக்காரப் பெண்மணி பெட்டியைப் பிரித்து, என் எதிரிலேயே ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் முத்திரை வைத்தார்.

15 ரூபிளுக்குத் தர எங்கே மிச்சம் பிடித்தார்கள் என்று கேமராவைக் கையில் வைத்துப் பார்த்தாலே தெரியும். உடம்பு பிளாஸ்டிக். மீட்டர் இல்லை. தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் இல்லை. வ்யூஃபைண்டர் என்பது வெறும் ஜன்னல். எல்லாவற்றுக்கும் மேல், ஃபிலிமை நகர்த்துவது ஒரு வேலை, ஷட்டரை ஏற்றுவது இன்னொரு வேலை. பின்பக்கம் பல்லுப் பல்லாக ஒரு சக்கரம், அதைக் கட்டை விரலால் திருகினால் ஃபிலிம் ஒரு கட்டம் நகரும். லென்ஸ் பக்கத்தில் ஒரு சின்ன லீவர், அதை அழுத்தி இறக்கினால் ஷட்டர் ஏறும். இரண்டையும் ஒன்றாக இணைக்கத் தேவையான பல்சக்கரங்களையும் தண்டுகளையும் விட்டுவிட்டார்கள். லென்ஸில் மட்டும் கை வைக்கவில்லை. விலையைக் குறைக்க எதை விடுவது, எதை விடக்கூடாது என்று சரியாகத் தெரிந்த யாரோ செய்த கேமரா இது. எனக்கு அதன் மேல் இருக்கும் மரியாதைக்கு அதுதான் முதல் காரணம்.

4 பிப்ரவரி, மாலை

லோமோகிராஃபி என்று, விதிகளைப் பார்க்காமல் மனம்போல் சொடுக்கும் ஒரு புகைப்படப் பழக்கம் கிளம்பியதே ஸ்மெனாவால்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அது எல்சி-ஏ. அதே லோமோ ஆலையில் 1984இல் தொடர் உற்பத்திக்கு வந்த வேறு கேமரா, ஜப்பானியக் கோசினா சிஎக்ஸ்-2வைப் பார்த்துச் செய்தது. 32 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ், வெளிச்சத்தை அதுவே அளந்து ஷட்டரை ஓட்டும். வியன்னா மாணவர்கள் சிலர் 1991இல் பிராக் நகரில் அதைக் கண்டெடுத்து, 1992இல் லோமோகிராஃபி சங்கத்தை ஆரம்பித்தார்கள். மூலை இருட்டு, தெறிக்கும் நிறம், இடுப்பில் வைத்துச் சொடுக்குவது எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஆலை ஒன்று என்பதால் அந்தப் பேரை ஸ்மெனா மேலும் ஒட்டிவிட்டார்கள். ஸ்மெனாவை இருபது வருடம் கையில் வைத்திருந்த சோவியத் குடும்பங்கள் மங்கலான படத்துக்கு ஆசைப்பட்டு அதை வாங்கவில்லை. குழந்தை முகம் தெளிவாக விழ வேண்டும் என்றுதான் வாங்கினார்கள்.

6 பிப்ரவரி

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், இந்தக் கேமராவில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி இது.

லென்ஸின் முகப்பில், கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம். அதில் எழுதியிருப்பது ஃபிலிம் வேகம், அதாவது ஃபிலிம் ஒளியை எவ்வளவு சீக்கிரம் வாங்கும் என்ற எண். என்னுடையதில் பழைய சோவியத் கோஸ்ட் அளவில் 16, 32, 65, 130, 250. நீங்கள் போட்ட ஃபிலிமின் எண்ணுக்கு அதைத் திருப்ப வேண்டும். திருப்பினால் உள்ளே நகர்வது ஒளி நுழையும் துளை, அதாவது திறப்பு. 16 என்றால் எஃப்/4, 32 என்றால் 5.6, 65க்கு 8, 130க்கு 11, 250க்கு 16. அடுத்து, லென்ஸ் குழாயில் வானிலைப் படங்கள் போட்ட இன்னொரு வளையம். முழு வெயிலில் தொடங்கி, மேகம் கூடிக்கொண்டே போய், மழையில் முடியும். வெயில் என்றால் 1/250, மழை என்றால் 1/15. படம் பிடிக்கிறவருக்கு எண்ணே தேவையில்லை. ஃபிலிம் பெட்டியைப் பார்த்து ஒரு வளையம், வானத்தைப் பார்த்து ஒரு வளையம்.

இதில் ஒளிந்திருக்கும் கணக்கைப் பாருங்கள். நல்ல வெயிலில் எஃப்/16 வைத்து, ஃபிலிம் வேகம் எவ்வளவோ அதில் ஒரு பங்கு நொடியை ஷட்டருக்குப் போடு என்பது உலகம் முழுக்கப் புகைப்படக்காரர்கள் கையாளும் விதி. வேகம் 250 உள்ள ஃபிலிம் என்றால் எஃப்/16, 1/250. 65 என்றால் எஃப்/16, ஏறக்குறைய 1/60. அதையே நான்கு மடங்கு வேகமாக்கித் துளையை இரண்டு கட்டம் (ஒரு கட்டம் என்றால் ஒளி இரு மடங்கு) திறந்தால் எஃப்/8, 1/250. வளையமும் அதையேதான் சொல்கிறது. மீட்டர் இல்லாத கேமரா என்று எல்லோரும் சொல்கிறோமே, அந்த விதியையே வளையமாக வார்த்து லென்ஸில் மாட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு மேகம் கூடினால் ஒரு படம் தள்ளு, ஷட்டர் வேகம் பாதியாகும், ஒளி இரட்டிப்பாகும். எக்ஸ்போஷர் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்காமலே பத்து வயதுப் பிள்ளையின் விரலுக்குப் பழகிவிடும்.

விரல் பழகிய பிறகு எண்களுக்கு வரலாம், அவையும் லென்ஸிலேயே இருக்கின்றன. குழாயின் ஒரு பக்கம் படங்கள், மறுபக்கம் 15, 30, 60, 125, 250. என் நண்பர்கள் பலருக்கும் அப்படித்தான் ஆனது, முதல் கோடையில் மேகப்படம், அடுத்த கோடையில் எண்.

7 பிப்ரவரி

நேற்று எழுதியதற்கு ஒரு துணுக்கு. கோஸ்ட் எண்ணும் நாம் இன்று படிக்கும் ஐஎஸ்ஓ எண்ணும் அப்படியே ஒன்றல்ல. பழைய கோஸ்ட் 65 என்பது ஏறக்குறைய 80. 1987இல் சோவியத் அளவை ஐஎஸ்ஓவோடு ஒன்றாக்கினார்கள், நான் அங்கே இருந்தபோதே ஃபிலிம் பெட்டிகளில் 65 போய் 64 வந்தது. கையில் எந்த வருடத்துக் கேமரா வந்தாலும் முகப்பு வளையத்தில் எஃப் எண்ணைப் பார்த்து வையுங்கள், குழப்பம் வராது.

இன்று கடையில் சுலபமாகக் கிடைப்பது 400 ஃபிலிம். நம் ஊர் உச்சி வெயிலில் எஃப்/16, 1/250 வைத்தால் ஒளி முக்கால் கட்டத்துக்கும் குறைவாகத்தான் கூடும். நெகட்டிவ் ஃபிலிம் அதைக் கவலையில்லாமல் தாங்கும். ஸ்லைடு ஃபிலிம் (நெகட்டிவ் இல்லாமல் நேராகவே படம் விழுவது) போடுவதாக இருந்தால் 100 போடுங்கள், எஃப்/11, 1/250.

10 பிப்ரவரி

தூரம் எப்படிக் கணிப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

40 மி.மீ. லென்ஸ் என்பதால் முக்கால்வாசி வேலையை அதுவே செய்துவிடும். எஃப்/8இல் வைத்து வளையத்தை ஆறு ஏழு மீட்டருக்குத் திருப்பினால், கணக்குப்படி மூன்றரை மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூர்மையாக இருக்கும். எஃப்/16 என்றால் மூன்றரை மீட்டரில் வைத்தால் போதும், 1.7 மீட்டரிலிருந்து அத்தனையும் சரியாக விழும். வெயிலில் தெருப்படம் எடுக்கிறவர் வளையத்தைத் தொடவே வேண்டாம்.

சிக்கல் வருவது வீட்டுக்குள்ளே. எஃப்/4, ஒரு மீட்டர் என்றால் 93 சென்டிமீட்டருக்கும் 108க்கும் நடுவில்தான் கூர்மை. பதினைந்து சென்டிமீட்டர்! மூக்கு சரியாக விழுந்து காது போய்விடக்கூடிய அளவு. அங்கே கண்கணிப்பை நம்பக்கூடாது, அளந்துவிட வேண்டும். இரண்டு கையையும் விரித்தால் ஏறக்குறைய ஆள் உயரம், ஒரு கையை நீட்டி மறு தோள் வரை ஒரு மீட்டருக்குப் பக்கம். நான் கேமராவின் வார்ப்பட்டையையே அளவுகோலாக வைத்திருந்தேன், ஒரு மீட்டரில் ஒரு முடிச்சு. எதிரே உட்கார்ந்தவரின் கன்னத்துக்கு நேராகப் பட்டையை இழுத்துப் பிடித்து, விட்டுவிட்டு எடுப்பேன். கிழவிகள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்போடு நல்ல படம் விழும்.

இன்னொன்று. வ்யூஃபைண்டர் லென்ஸுக்கு மேலே தள்ளி இருப்பதால் கிட்டத்தில் எடுக்கும்போது பார்ப்பது ஒன்று, விழுவது ஒன்று. ஒரு மீட்டரில் தலைக்கு மேல் தாராளமாக இடம் விட்டுப் பிடியுங்கள், இல்லையென்றால் நெற்றி வெட்டுப்படும்.

11 பிப்ரவரி

ஜெனித்-இ பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஜெனித்-இ நல்ல கேமரா, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாஸ்கோவுக்குப் பக்கத்தில் க்ராஸ்னோகோர்ஸ்க் ஆலையில் 1965இலிருந்து செய்தது. ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப்/2, ஜெர்மன் பயோட்டார் லென்ஸின் வழிவந்தது. அந்த லென்ஸ் ஒன்றுக்காகவே இன்றும் தேடி வாங்குகிறார்கள், டிஜிட்டல் கேமராவில் மாட்டிப் பின்னணி மங்கல் சுழல்வது போல் வர வைக்கிறார்கள். லென்ஸ் வழியாகவே பார்த்து ஃபோகஸ் செய்யலாம், வேறு லென்ஸ் மாட்டலாம். முக அழகு பிடிக்க வேண்டுமென்றால் ஸ்மெனா அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனால் லென்ஸோடு சேர்த்தால் ஒரு கிலோவை நெருங்கும், ஸ்மெனா முந்நூறு கிராம்கூட இல்லை. ஜெனித்-இ வ்யூஃபைண்டரில் தெரிவது 20 x 28 மி.மீ., ஃபிலிமில் விழுவது 24 x 36, அதாவது சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கண் பார்ப்பதே இல்லை. வேகம் 1/30இல் தொடங்கும், ஃப்ளாஷ் போட்டால் 1/30தான். அதில் இருக்கும் செலினியம் ஒளிமீட்டர் வயதானால் சோர்ந்துவிடும், அது சோர்ந்த ஜெனித்தும் மீட்டர் இல்லாத கேமராதான். துணித்திரை ஷட்டர் வேறு, ஐம்பது வருடத்துத் துணியில் ஊசித்துளை விழுந்திருந்தால் ஒவ்வொரு படத்திலும் வெள்ளைப் புள்ளி. பழுது பார்க்கும் கைகள் குறைந்துவிட்ட காலத்தில் இதையும் யோசிக்க வேண்டும். கையில் இரண்டுக்கும் காசு இருக்கிறது என்றால் இரண்டையும் வாங்குங்கள். ஒன்றுதான் என்றால் நான் ஸ்மெனா பக்கம்.

15 பிப்ரவரி

இது கேமராவை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகும், பரவாயில்லை. அந்தக் கேமரா எந்தச் சூழலுக்காகச் செய்யப்பட்டது என்று தெரியாமல் அதைப் புரிந்துகொள்ள முடியாது.

ஸ்வேமா ஃபிலிம், வேகம் 65, கருப்பு வெள்ளை, விலை 35 கோபெக் (நூறு கோபெக் ஒரு ரூபிள்). கேசட் கிடையாது. 1.65 மீட்டர் ஃபிலிமைச் சுருட்டிக் கருப்புத் தாளில் பொதிந்து தருவார்கள், நாமே இருட்டில் பழைய கேசட்டில் சுற்றிக்கொள்ள வேண்டும். விடுதியில் முழு இருட்டு எங்கே கிடைக்கும்? குளிர்காலத்து கனத்த கோட்டை மேசையில் கவிழ்த்து, கழுத்துப் பக்கத்தைச் சுருட்டி மடக்கி, ஃபிலிமையும் கேசட்டையும் உள்ளே போட்டு, இரண்டு கைகளையும் கோட்டின் கைகளின் வழியாகத் தலைகீழாக நுழைத்து வேலை செய்வோம். விரல் நுனியில் எந்தப் பக்கம் வழவழப்பு, எந்தப் பக்கம் சொரசொரப்பு என்று தடவிப் பார்த்து, மருந்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி சுற்ற வேண்டும். என் அறைத்தோழன் சூமி பக்கத்துக்காரன். ஸ்வேமா ஆலை இருந்த ஷோஸ்ட்கா அவன் ஊருக்குப் பக்கம், அந்த ஃபிலிமை யாராவது குறை சொன்னால் சண்டைக்கு வருவான். அவன்தான் எனக்கு அந்தக் கோட்டு வித்தையைக் கற்றுக்கொடுத்தவன்.

கழுவுவதும் நாமே. படத்தை வெளிக்கொண்டுவர மெட்டோல்-ஹைட்ரோகுவினோன் பொட்டலங்கள், நிலைநிறுத்த ஹைப்போ. சனிக்கிழமை இரவு கூட்டுக் கழிப்பறையின் கதவைப் பூட்டி, சிவப்பு விளக்குப் போட்டு, நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழ வைக்கும் 'உபா' என்லார்ஜரை, சூட்கேஸுக்குள் மடங்குவது அது, விரித்து வைத்துக்கொள்வோம். படம் விழுவது யூனிப்ரோம் என்ற புகைப்படத் தாளில். தட்டில் போட்ட வெள்ளைத் தாளில் முதலில் கருப்புத் தொப்பி தெரியும், பிறகு புருவம், கடைசியில் பனி. ஈரத்தோடு படத்தின் முகப்பக்கம் ஜன்னல் கண்ணாடியில் படும்படி ஒட்ட வைத்தால் காலையில் பளபளப்பாகத் தானே உரிந்து விழும். அந்த நாட்டில் கோடிக்கணக்கான குடும்பங்கள் குளியலறையை இப்படித்தான் இருட்டறையாக்கின. அந்த வீடுகளுக்கு ஏற்ற கேமரா ஸ்மெனா.

15 பிப்ரவரி, பிறகு

கலர் கேட்டீர்கள். கிழக்கு ஜெர்மனியிலிருந்து வரும் ஓர்வோ ஸ்லைடு ஃபிலிமுக்குத்தான் அடித்துக்கொள்வோம். ஸ்லைடு என்பதால் ஒளிக்கணிப்பு பிசகினால் மன்னிக்காது. ஸ்மெனாவின் வளையத்தை நம்பி எடுத்தவை இன்றும் என்னிடம் நன்றாக இருக்கின்றன, நீலம்தான் கொஞ்சம் போய்விட்டது.

19 பிப்ரவரி

ஸ்மெனாவில் இரட்டை எக்ஸ்போஷர் சுலபம் என்று ஒருவர் எழுதி, கார்கோவின் புகைப்படக் கலைஞர் போரிஸ் மிகைலோவ் ஒன்றன் மேல் ஒன்று படிந்த தன் படங்களை இப்படித்தான் எடுத்தார் என்றும் சேர்த்திருக்கிறார். முதல் பாதி சரி. ஃபிலிமை நகர்த்தாமல் லீவரை மட்டும் மறுபடி இறக்கினால் அதே கட்டத்தில் இன்னொரு படம் விழும். இரண்டாம் பாதி சரியில்லை. மிகைலோவ் செய்தது இரண்டு ஸ்லைடுகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஒரே படமாகக் காட்டியது, கேமராவுக்குள் நடந்தது அல்ல.

அவரைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 1938இல் கார்கோவில் பிறந்தவர், பொறியாளராக ஆலையில் வேலை பார்த்தவர். மனைவியை ஆடையின்றி எடுத்த படங்கள் சோவியத் உளவுத்துறையான கேஜிபி கையில் சிக்கியதால் வேலை போனது. 1971இல் அந்த ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து 'விரேம்யா' என்ற குழுவை ஆரம்பித்தார்கள், அதில் அவரும் ஒருவர். 2000இல் புகைப்படத்துக்கான ஹாசல்பிளாட் விருது வாங்கினார். சாதாரண மக்கள் பெரிதாக்கித் தரச் சொல்லிக் கொண்டுவந்த பழைய குடும்பப் படங்களுக்குக் கையால் சாயம் பூசி அவர் செய்த வரிசை ஒன்று உண்டு. சிப்பாய், மணமகள், மொட்டைத் தலைக் குழந்தை. நான் படித்த காலத்தில் அதே ஊரில் இதெல்லாம் நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது, ரொம்பப் பின்னால் படங்களைப் பார்த்தபோது அந்தச் சுவர்க் காகிதமும் மேசை விரிப்பும் எனக்குத் தெரிந்த வீடுகளில் இருந்தவையாகவே இருந்தன.

புகைப்பட வரலாற்றில் ஸ்மெனாவுக்கு என்ன இடம் என்று ஒருவர் கேட்டிருந்தார். பெரிய பேர் வாங்கிய படம் எதையும் அதோடு சேர்த்துச் சொல்ல நான் முயலமாட்டேன். 2 கோடி கேமராக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆல்பம். மே தின ஊர்வலம், பள்ளி முதல் நாள், தோட்டத்து வீட்டில் வெள்ளரிக்காய் நறுக்கும் பாட்டி. ரயில் நிலையம், பாலம், ராணுவ வண்டி எதையும் எடுக்கக்கூடாது என்றிருந்த நாட்டில், அரசாங்கப் பத்திரிகைகள் காட்டாத அன்றாட வாழ்க்கையை மக்களே பதிந்து வைத்தது இந்த மாதிரி மலிவுக் கேமராக்களால். ஆராய்ச்சியாளர்கள் இன்று அந்த ஆல்பங்களைத் தேடிப் போகிறார்கள் என்றால் அதற்கு ஸ்மெனாவும் ஒரு காரணம்.

22 பிப்ரவரி

முதல் நாள் 'வாங்குங்கள்' என்று ஒரே வார்த்தையில் சொன்னேன். அதில் மாற்றமில்லை, ஆனால் இந்த நாட்களில் ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

35 கோபெக்குக்கு 36 படம் என்பதுதான் அங்கே எங்களுக்குப் பாடம் சொன்னது. மேகத்தைத் தப்பாகக் கணித்தாலும் போகட்டும், அடுத்த கட்டம் இருக்கிறது என்ற துணிச்சல். இன்று ஒரு ரோல், கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் ஒவ்வொரு சொடுக்குக்கும் மனம் கணக்குப் போடுகிறது. கேமரா மலிவு, ஃபிலிம் மலிவில்லை. கற்றுக்கொள்வதற்காகச் செய்த கேமரா, கற்றுக்கொள்ளத் தேவையான ஃபிலிம் கைக்கு எட்டாத காலத்தில் நம்மிடம் வந்திருக்கிறது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஃபிலிம் போடுவதற்கு முன்னால் கொஞ்ச நாள் வெறும் கேமராவோடு நடங்கள். தெருவில் ஒருவரைப் பார்த்து எத்தனை மீட்டர் என்று மனதுக்குள் சொல்லி, அடி எடுத்து வைத்துச் சரிபாருங்கள். வானத்தைப் பார்த்து 1/125 என்று சொல்லி, பிறகு போனில் இருக்கும் மீட்டர் செயலியில் பாருங்கள். இரண்டும் ஒத்துவர ஆரம்பித்த பிறகு ஃபிலிம் போடுங்கள். கருப்பு வெள்ளை போட்டு வீட்டிலேயே கழுவினால் செலவு குறையும், மருந்தோடு டேங்க் ஒன்றும் கருப்புப் பையும் போதும்.

24 பிப்ரவரி

வாங்கும்போது சோதிக்க வேண்டியவை, சொன்னபடி.

பின்மூடியைத் திறந்து வெளிச்சத்தைப் பார்த்துப் பிடியுங்கள். எஃப்/4இல் வைத்து லீவரை இறக்கி, ஒவ்வொரு வேகமாக விட்டுப் பாருங்கள். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் இதழ்கள், அவற்றில் எண்ணெய் கசிந்து ஒட்டியிருந்தால் திறக்கவே திறக்காது, இல்லை பாதியில் சோம்பி நிற்கும். 1/15க்கும் 1/250க்கும் ஒலியிலும் வெளிச்சத்திலும் வித்தியாசம் தெரிய வேண்டும். பியில் அழுத்திப் பிடித்தால் திறந்தே இருக்க வேண்டும். குளிர்ந்த இடத்தில் வைத்திருந்த கேமரா என்றால் பத்து இருபது முறை ஓட்டிய பிறகு முடிவு செய்யுங்கள், காய்ந்த எண்ணெய் இளகும்.

பிறகு முகப்பு வளையத்தைத் திருப்பித் துளை சின்னதாகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருந்தால், வலை மாதிரி ஓடும், ஓரத்தில் லேசாக என்றால் கவலையில்லை, நடுவில் என்றால் வேண்டாம். பின்மூடி சரியாகப் பொருந்துகிறதா? வெளிச்சம் கசியும் என்று சந்தேகமிருந்தால் விளிம்பு முழுக்கக் கருப்பு டேப் ஒட்டிவிடுங்கள், நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

பேருக்கும் கவனம். பிரிட்டனில் 'காஸ்மிக் 35' என்று விற்றதும் இதே ஸ்மெனா வகைதான், அந்தப் பெயரில் வந்தால் தயங்காதீர்கள். 'ஸ்மெனா சிம்பல்' என்பது தம்பி. அதே லென்ஸ், ஆனால் ஃபிலிமை நகர்த்தினால் ஷட்டரும் ஏறிவிடும். அவசரக்காரர்களுக்கு அது வசதி. நான் 8எம் பக்கம்தான், லீவரை இறக்கும் அந்த ஒரு நொடியில் இன்னொரு முறை சட்டத்தைப் பார்த்துக்கொள்வேன்.

2 மார்ச்

கேள்வி கேட்டவர் கேமராவை வாங்கிவிட்டார், சந்தோஷம். ஃப்ளாஷ் மாட்டலாமா என்று கேட்கிறார்.

மாட்டலாம். மேலே இருக்கும் செருகுமிடத்தில் மின்தொடர்பு கிடையாது, அது ஃப்ளாஷைத் தாங்க மட்டும். தனியாக ஒரு சின்ன வட்டச் செருகி இருக்கிறது, அதில் ஒயரைச் செருக வேண்டும். இதழ்கள் கொண்ட லீஃப் ஷட்டர் என்பதால் 1/250 வரை எந்த வேகத்திலும் ஃப்ளாஷ் ஒத்துப்போகும், பகல் வெயிலில் முகத்து நிழலை நிரப்ப இது பெரிய வசதி. ஃப்ளாஷின் வழிகாட்டி எண்ணை (ஃப்ளாஷ் மேலே போட்டிருக்கும் அதன் பலம்) மீட்டரில் அளந்த தூரத்தால் வகுத்தால் திறப்பு வந்துவிடும். 100 ஃபிலிமுக்கு எண் 20 என்று போட்டிருந்து ஆள் 2.5 மீட்டரில் நின்றால் எஃப்/8. 400 ஃபிலிம் என்றால் எண்ணை இரட்டிப்பாக்குங்கள், அதே தூரத்துக்கு எஃப்/16. பழைய ஃப்ளாஷ்களில் வோல்டேஜ் அதிகம், டிஜிட்டல் கேமராவில் அவற்றை மாட்டிவிடாதீர்கள். ஸ்மெனாவில் கெட்டுப்போக எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை, தாராளமாக மாட்டுங்கள்.